இலவசச் சோதனைக் காலத்துக்கு வரும் பொய்ப் பதிவுகளை எங்கே நிறுத்துவது?

கேள்வி: 2024 ஜனவரி 9, காலை 10.20

மதுரையில் சிறிய அளவில் வெப் ஹோஸ்டிங் சேவை நடத்திவருகிறோம். தீபாவளியிலிருந்து 14 நாள் இலவசச் சோதனைக் காலம் கொடுக்கிறோம். வரும் பதிவுகளில் பாதிக்கு மேல் பொய். மின்னஞ்சலைச் சரிபார்க்கிறோம், கேப்ட்சாவும் வைத்திருக்கிறோம், இருந்தும் குறையவில்லை. கார்டு விவரம் கேட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: ஜனவரி 9, பகல் 1.05

கார்டு கேட்பதற்கு முன்னால், அந்தக் கணக்குகள் உள்ளே வந்து என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஸ்பேம் அனுப்ப வருபவர், ஏதாவது ஒரு வங்கியின் பெயரில் போலி லாகின் பக்கம் போட வருபவர், நம் சர்வரின் சக்தியில் கிரிப்டோ நாணயம் ஈட்ட (மைனிங்) வருபவர், பணம் கட்ட மனமில்லாமல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை புதிய மின்னஞ்சலோடு திரும்பி வருபவர் என்று நான்கு வகையினர் இருக்கிறார்கள். நால்வருக்கும் ஒரே பூட்டு பொருந்தாது. நான்காமவரை நான் முறைகேட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. குறைந்த விலையில் ஒரு திட்டம் இருந்தால் அவர்களில் பலர் கட்டிவிடுவார்கள்.

ஜனவரி 10, இரவு 9.40

நேற்று சுருக்கமாக எழுதிவிட்டேன். உங்களைப் போலவே ஹோஸ்டிங் நடத்தும் எங்களுக்கு நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்பது புரியும்.

2021 ஜூனில் ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு, மின்னஞ்சல் வரிசை நிரம்பிவிட்டது என்று கண்காணிப்புச் செய்தி வந்தது. வழக்கமாக அந்த வரிசையில் பத்து இருபது மடல்கள் நிற்கும். அன்று 41,000 நின்றன, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அனைத்தும் நாற்பது நிமிடங்களுக்கு முன்பு பதிவான ஒரே ஒரு சோதனைக் கணக்கிலிருந்து போனவை. பதிவுப் படிவத்தை நிரப்பிய உடனே சிபேனல் (தளத்தை நிர்வகிக்கும் பலகை) கணக்கு தானாகத் திறக்கும்படி வைத்திருந்தோம்; வந்தவர் ஒரே ஒரு பிஹெச்பி கோப்பை ஏற்றியிருந்தார், அதற்கு மேல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. விடிவதற்குள் அந்த சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்), ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் ஏறிவிட்டது; அதைப் பார்க்கும் சர்வர்கள் அங்கிருந்து வரும் மடலை ஏற்பதில்லை. அதே ஐபியில்தான் பணம் கட்டும் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். திங்கட்கிழமை காலை திருப்பூரிலிருந்து ஓர் ஏற்றுமதியாளர் அழைத்தார். "தம்பி, ஜெர்மனி பையருக்கு ரேட் போட்டு அனுப்பின மெயில் திரும்பி வந்துருச்சு. அவங்க இன்னொருத்தர்கிட்ட ஆர்டர் கொடுத்துட்டாங்க" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அந்தக் குரல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு அந்த வாரத்துப் பதிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் நம்மூர்ப் பெயர்கள். மின்னஞ்சலில் பெயருக்குப் பின்னால் நான்கு இலக்க எண். ஊர் எதுவாக இருந்தாலும் பின்கோடு 600001. ஒரே ஒரு மதுரைக்காரருக்கு மட்டும் 110001, அது டெல்லி. மதுரைப் பின்கோடு 625 என்று தொடங்கும் என்பதை எழுதியவர் அறிந்திருக்கவில்லை. நம் மக்கள் முகவரி எழுதினால் கதவு எண், குறுக்குத் தெரு, மாரியம்மன் கோயில் எதிரில் என்றெல்லாம் எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரு வீட்டுக்கும் கதவு எண் இல்லை. படிவம் திறந்ததற்கும் சமர்ப்பித்ததற்கும் இடையே நான்கு விநாடி கூட ஆகவில்லை.

இதையெல்லாம் வைத்து ஒரு வடிகட்டி எழுதினோம். ஒரு மாதம் நன்றாக வேலை செய்தது. அதன் பிறகு வந்த பதிவுகளில் பின்கோடு சரியாக இருந்தது, கதவு எண்ணும் இருந்தது, படிவம் நிதானமாக நிரம்பியது. நமது வடிகட்டியை எதிரில் இருப்பவரும் படித்துக்கொள்கிறார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். உண்மையில் பலன் தந்தவை வேறு இரண்டு: சோதனைக் கணக்குகளைத் தனி சர்வருக்கும் தனி ஐபிக்கும் மாற்றியது, அவற்றிலிருந்து வெளியே போகும் மின்னஞ்சலை ஏறக்குறைய முழுவதும் அடைத்தது. இரண்டுக்கும் பதிவுப் படிவத்தோடு தொடர்பே இல்லை.

ஜனவரி 10, இரவு 10.15

ஒன்று விட்டுப்போனது. ஃபயர்வாலில், மடல்கள் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியான 25ஆம் போர்ட்டை மூடினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் ஒரே சர்வரில் இருக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் மடலை அனுப்புவது சர்வரிலேயே இருக்கும் எக்ஸிம் என்ற மின்னஞ்சல் நிரல். வாடிக்கையாளரின் பிஹெச்பி அதனிடம்தான் மடலைக் கொடுக்கிறது. ஆகவே எக்ஸிமிலும் விதி எழுத வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் விதி: சோதனைக் கணக்கிலிருந்து மணிக்கு ஐந்து மடல், அதுவும் பதிவு செய்தவரின் சொந்த முகவரிக்கு மட்டும். வேர்ட்பிரஸ் கடவுச்சொல் மீட்பைச் சோதித்துப் பார்க்க இது போதும். ஸ்பேம் அனுப்புபவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. விபிஎஸ் (வாடிக்கையாளரே கட்டுப்படுத்தும் தனி மெய்நிகர் சர்வர்) கொடுப்பவர்களுக்கு 25ஐ மூடுவது அவசியம். கூகுள் கிளவுட் அதை வெளிப்புறத்துக்குப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறது. ஹெட்ஸ்னர் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் 25, 465 இரண்டையும் மூடி வைத்து, முதல் மாத பில் கட்டிய பிறகு கேட்டால்தான் திறக்கிறது.

ஜனவரி 12, காலை 8.30

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். நாங்களும் 2021 ஆகஸ்டில் ஒரு ரூபாய்க் கார்டுச் சரிபார்ப்பு வைத்தோம். பொய்ப் பதிவுகள் ஒரே வாரத்தில் வற்றின. உண்மையான பதிவுகளும் அவற்றோடு சேர்ந்து வற்றின.

காரணம் நம் நாட்டின் நடைமுறையிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பிறகு வந்த புதிய கார்டுகளில், வங்கிச் செயலியிலோ ஏடிஎம்மிலோ நாமே இயக்கினால்தான் ஆன்லைன் பயன்பாடு திறக்கும். கல்லூரி மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்காக வாங்கிய டெபிட் கார்டு. அதை இயக்கியிருக்கவே மாட்டார். இயக்கியிருந்தாலும், "இலவசம் என்றால் கார்டு எதற்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. சோதனை முடிந்ததும் சொல்லாமல் பணம் பிடிக்கும் சேவைகளைப் பார்த்துப் பழகியவர்கள் நம் மக்கள். 2021 அக்டோபர் 1 முதல் தொடர் கட்டணங்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பயம் ஓரளவு குறைந்திருக்க வேண்டும். எங்கள் படிவத்தில் அது குறைந்ததாகத் தெரியவில்லை.

இதைவிட மோசமானது மூன்றாவது வாரத்தில் நடந்தது. வெளிநாட்டுக் கார்டு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் ஒரு ரூபாய்ப் பக்கத்தில் விழத் தொடங்கின. பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன, சில தேறின. தேறியவர்கள் யாரும் ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. திருடிய கார்டுகளில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பதற்கு எங்கள் பக்கம் பயன்பட்டிருக்கிறது. உள்நாட்டுக் கார்டுகளுக்கு ஓடிபி உண்டு என்பதால் அவர்கள் அவற்றைத் தொடவில்லை. பேமென்ட் கேட்வே நிறுவனம் எங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. பூட்டு போடப் போய், அந்தப் பூட்டே திருடருக்குக் கருவியாகிவிட்டது.

கார்டு கேட்பதென்றே முடிவெடுத்தால், சோதனைப் பதிவுக்கு வெளிநாட்டுக் கார்டுகளை மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை நிராகரிப்புகள் வந்தால் பக்கம் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பதையும் முன்பே வரையறுத்து வையுங்கள்.

ஜனவரி 12, இரவு 7.50

கார்டுக்குப் பதில் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது நாங்கள் யுபிஐ வழியாக ஒரு ரூபாய் வாங்கி அன்றே திருப்பி அனுப்புகிறோம். யுபிஐ முகவரியைச் சரிபார்க்கும்போது வங்கியில் பதிவான பெயர் தெரிந்துவிடுகிறது. ஒருவர் எத்தனை யுபிஐ முகவரி வைத்திருந்தாலும் பெயர் மாறுவதில்லை. மாணவர்களுக்கும் இதில் தயக்கமில்லை, டீக்கடையில் தினமும் செய்வதுதானே. காசுக்கு வாடகை விடப்படும் வங்கிக் கணக்குகள் இருப்பதை அறிவேன். ஆனால் ஒரு சோதனைக் கணக்குக்காக அதைச் செலவழிப்பவர் குறைவு.

ஜனவரி 19, மாலை 6.10

"நாங்கள் மிகச் சிறியவர்கள், எங்களைக் குறி வைத்து யார் வரப்போகிறார்கள்?" என்ற எண்ணம் உங்கள் இரண்டாவது பதிவில் தெரிந்தது. எனக்கும் அது இருந்தது. வருகிறவர் உங்களைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. தானியங்கி நிரல் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வருகிறது.

2014ஆம் ஆண்டு பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் பிஷப் ஃபாக்ஸ் நிறுவனத்தின் ராப் ரேகன், ஆஸ்கர் சலசார் இருவரும் இதைச் செய்தே காட்டினார்கள். பல கிளவுட் சேவைகளின் இலவசக் கணக்குகளைத் தானாகப் பதிவு செய்யும் நிரல் எழுதி, சுமார் ஆயிரம் கணக்குகளை ஒரே படையாகத் திரட்டினார்கள். அந்தச் சேவைகளில் பெரும்பாலானவை பதிவுக்குக் கேட்டது மின்னஞ்சல் சரிபார்ப்பு மட்டுமே. உங்களிடம் அதற்கு மேல் இருப்பது கேப்ட்சா மட்டுமே.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், இப்படி இலவசக் கணக்குகளைத் திரட்டி மைனிங் ஓட்டிய, பர்ப்பிள் அர்ச்சின் என்று பெயரிடப்பட்ட கும்பலைப் பற்றி சிஸ்டிக் நிறுவனம் எழுதியது. செயலிகளை ஏற்றி ஓட்ட இடம் தரும் ஹெரோக்குவில் மட்டும் சுமார் 2,000 கணக்குகள், பட்டி என்ற சேவையில் சுமார் 900. 2023 ஜனவரியில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 குழு அதையே தோண்டிப் பார்த்தபோது, பல சேவைகளிலுமாக 1,30,000க்கும் மேற்பட்ட கணக்குகள் என்று தெரியவந்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பில் உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து கணக்குகள் திறந்திருக்கிறார்கள். கேப்ட்சாவை எப்படித் தாண்டினார்கள் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெரிய செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. இமேஜ்மேஜிக் என்ற பழைய இலவசக் கருவியால் படங்களின் சிவப்பு நிற அளவை ஒப்பிட்டுச் சரியான படத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

இதன் விலையைக் கட்டியவர்கள் நேர்மையான பயனாளிகள். கிட்லேப் 2021 மே 17 முதல், புதிதாகச் சேரும் இலவசப் பயனாளிகள் அதன் பொது ரன்னர்களை (நிரலைத் தானாக ஓட்டிப் பார்க்கும் கணினிகளை) பயன்படுத்தக் கார்டு கேட்டது. டாக்கர் ஹப் 2021 ஜூனில் இலவசத் திட்டத்திலிருந்து தானியங்கி பில்டை (நிரலைத் தானாகத் தொகுக்கும் வசதியை) எடுத்துவிட்டது. ஹெரோக்கு 2022 ஆகஸ்டில், மோசடியையும் முறைகேட்டையும் சமாளிக்கவே தங்கள் ஆட்களின் உழைப்பு அளவுக்கு மீறிப் போகிறது என்று சொல்லி, நவம்பர் 28 முதல் இலவச டைனோக்களையே (செயலி ஓடும் இடங்களையே) நிறுத்தியது. எங்களிடம் வேலைக்கு வந்த பல இளைஞர்கள் தங்கள் முதல் செயலியை வலையில் ஏற்றிப் பார்த்தது அங்கேதான். அது மூடியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் மதுரையில் கொடுக்கும் 14 நாட்களும் அப்படி யாருக்கோ முதல் படியாக இருக்கும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஜனவரி 25, காலை 7.15

ஒரு ஐபிக்கு ஒரு கணக்கு என்று வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வைக்காதீர்கள். நம்முடைய மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் மிகப் பல சந்தாதாரர்களை வைக்கின்றன. ஒரு பொறியியல் கல்லூரியின் லேப் முழுவதும் ஒரே ஐபியில் வெளியே வரும். ஆசிரியர் சொல்லி அறுபது மாணவர்கள் ஒரே மணி நேரத்தில் பதிவு செய்தால், அது உங்கள் கண்ணுக்குத் தாக்குதலாகத்தான் தெரியும்.

ஜனவரி 26, காலை 11.30

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஐபி பயனற்றது என்ற தொனியில் எழுதிவிட்டேன், அது சரியல்ல. ஐபியின் எண்ணைவிட அதன் வகை முக்கியம். மொபைல் இணைப்பு, வீட்டு பிராட்பேண்ட், கல்லூரி ஆகியவற்றிலிருந்து எத்தனை வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஏதோ ஒரு டேட்டா சென்டரின் ஐபியிலிருந்து ஒருவர் இலவச ஹோஸ்டிங் கேட்டு வந்தால், ஒரு கேள்வி கேட்டுவிட்டு உள்ளே விடுவது நல்லது. ஐபிவி6இல் தனி முகவரியை எண்ணுவதும் வீண். ஒரு சந்தாதாரருக்கு /64 என்ற மிகப் பெரிய முகவரித் தொகுதி முழுவதும் கிடைக்கும் என்பதால், எண்ணினால் அந்தத் தொகுதியை எண்ணுங்கள்.

இதே போன்ற கவனம் ஜிமெயிலிலும் வேண்டும். அதன் முகவரியில் புள்ளிகளுக்கு மதிப்பில்லை, கூட்டல் குறிக்குப் பின்னால் எதை எழுதினாலும் அதே பெட்டிக்குப் போகும். ஒப்பிடும்போது இரண்டையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். தற்காலிக மின்னஞ்சல் டொமைன்களின் பட்டியல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைச் சேர்த்தால் சோம்பேறித்தனமான முயற்சிகள் மட்டும் நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பிப்ரவரி 3, இரவு 10.05

ஆதார் நகல் கேட்டால் என்ன என்ற யோசனையை இங்கே இரண்டு பேர் முன்வைத்திருக்கிறார்கள். நான் இதை உறுதியாக எதிர்க்கிறேன்.

தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்டுச் சரிபார்க்க இடம் கொடுத்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று நீக்கிவிட்டது. அதைத் தள்ளிவைத்தாலும், ஐந்நூறு பேரின் ஆதார் நகல்கள் உங்கள் சர்வரில் கிடந்தால் அவற்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது? பதினான்கு நாள் இலவச இடத்துக்காக ஒரு மாணவர் தன் அடையாளத்தையே அடகு வைக்கக் கூடாது. போலி ஆள் எப்படியும் இணையத்தில் கசிந்த வேறு யாருடைய நகலையோ ஏற்றுவார். மாட்டிக்கொள்வது அந்த அப்பாவி.

ஆனால் விபிஎஸ் கொடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி விபிஎஸ், கிளவுட் நிறுவனங்கள் சந்தாதாரரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், பதிவு செய்தபோது பயன்படுத்திய மின்னஞ்சல், ஐபி, நேரம் ஆகியவற்றை, சேவை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்குக் காக்க வேண்டும். இலவசச் சோதனையாக இருந்தாலும் விபிஎஸ் விபிஎஸ்தான் என்பதே என் புரிதல். அந்தப் பொறுப்பை ஏற்க முடியாததால்தான் நாங்கள் சோதனைக்குப் பகிர்வு ஹோஸ்டிங் மட்டும் கொடுக்கிறோம்.

பிப்ரவரி 18, மாலை 5.20

முதல் பதிலில் சொன்ன நான்கு வகையினரில் மைனிங் ஓட்டுபவர்களைப் பற்றி இன்னும் எழுதவில்லை.

சர்வர்களை நாடி வருபவர்கள் பெரும்பாலும் மோனெரோ என்ற கிரிப்டோ நாணயத்துக்காகத்தான் மைனிங் ஓட்டுகிறார்கள். 2019 நவம்பரில் அது ரேண்டம்எக்ஸ் என்ற மைனிங் முறைக்கு மாறியது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண சிபியுவிலும் ஓட வேண்டும் என்பதே அந்த முறையின் நோக்கம். அதன் வேகமான நிலைக்கு 2,080 எம்பி நினைவகம் வேண்டும். 256 எம்பியிலும் ஓடும், ஆனால் வேகம் பல மடங்கு விழுந்துவிடும். சோதனைக் கணக்குக்கு 1 ஜிபி நினைவகமும் அரை சிபியுவும் கொடுத்தால், வேர்ட்பிரஸ் தளம் சிரமமில்லாமல் நடக்கும். மைனர் நடத்துபவருக்குக் கணக்கு திறக்கும் உழைப்புகூடத் திரும்பாது. நாங்கள் வரம்பைக் குறைத்த பிறகு, வந்தவர்கள் ஒருசில மணி நேரத்தில் தாங்களாகவே கணக்கைக் கைவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

பிராசஸ் பெயரைப் பார்த்து எக்ஸ்எம்ரிக் என்ற மைனிங் நிரலைப் பிடிக்க முயல வேண்டாம். ஒருமுறை அது பிஹெச்பி என்றே பெயர் சூட்டிக்கொண்டு ஓடியது. தளத்துக்கு ஒரு பார்வையாளரும் இல்லை, சிபியு மட்டும் இரவு பகலாக ஒரே அளவில் நிற்கிறது, வெளியே ஒரே ஒரு இணைப்பு மணிக்கணக்கில் அறுபடாமல் இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் அது மைனர்தான்.

மார்ச் 2, காலை 9.45

போலி லாகின் பக்கங்கள் பற்றி. இவர்களுக்கு மின்னஞ்சலும் வேண்டாம், சிபியுவும் வேண்டாம். ஒரே ஒரு பக்கம் இரண்டு நாள் திறந்திருந்தால் போதும். ஆகவே இதுவரை நான் சொன்ன மின்னஞ்சல், சிபியு வரம்புகள் எதுவும் இவர்களைத் தடுக்காது. எளிதாகக் கிடைக்கும் முகவரி எங்கே இருந்தாலும் இவர்கள் அங்கே கூடுவார்கள். டிகே, எம்எல் போன்ற இலவச டொமைன்களைக் கொடுத்துவந்த ஃப்ரீனாம் நிறுவனத்தின் மீது 2023 மார்ச்சில் மெட்டா வழக்குத் தொடுத்தது தெரிந்ததே. சென்ற மாதம் அந்த நிறுவனம் டொமைன் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது.

சோதனைக் கணக்குகளுக்கு உங்கள் முதன்மை டொமைனின் கீழ் சப்டொமைன் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுத்தால் இன்றே மாற்றுங்கள். ஒரே ஒரு போலிப் பக்கத்தால் உலாவிகள் உங்கள் டொமைன் முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை காட்டும் நிலை வரலாம். அப்போது உங்கள் வாடிக்கையாளர்கள் பில் கட்டும் பக்கமும் சேர்ந்து மூடிப்போகும். சோதனைக்கென்று தனி டொமைன் வாங்கி, அதை, ஒவ்வொரு சப்டொமைனையும் தனித் தளமாக உலாவிகள் கருத உதவும் பப்ளிக் சஃபிக்ஸ் பட்டியலில் சேர்க்கக் கோருங்கள். ஒரு சப்டொமைன் இன்னொன்றின் குக்கியைத் தொடாமலிருக்கவும் அது உதவும்.

மார்ச் 3, இரவு 8.20

நேற்றைய குறிப்பில் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். சோதனைத் தளத்தை உலகத்துக்குத் திறந்துதான் வைக்க வேண்டுமா? பதிவு செய்த உடனே எல்லாம் கிடைக்கட்டும்: சிபேனல், டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ். தளத்தை மட்டும் பதிவு செய்தவரும் அவர் கடவுச்சொல் கொடுத்தவர்களும் பார்க்கட்டும். யுபிஐ சரிபார்ப்பு முடிந்தாலோ, எங்களிடம் இரண்டு நிமிடம் தொலைபேசியில் பேசினாலோ அந்தத் திரை விலகும். போன ஆண்டு இதைச் செய்த பிறகு எங்களுக்குப் போலிப் பக்கப் புகார் ஒன்றுகூட வரவில்லை. கட்டிப் பார்க்க வந்தவருக்கு எந்தக் குறையும் இல்லை; வெளியே போவதற்கான வழியைத் தேடி வந்தவருக்கு இங்கே ஒன்றும் கிடைப்பதில்லை. ஜனவரி 9 அன்று உங்களுக்கு இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 21, மாலை 4.00

தவறாகத் தடுக்கப்பட்டவர்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

2022இல் தேனிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக் மாணவியின் கணக்கைத் தானாக முடக்கிவிட்டோம். மின்னஞ்சலில் பெயருக்குப் பின்னால் நான்கு இலக்கம், பதிவு நேரம் நள்ளிரவு, படிவம் மிக விரைவாக நிரம்பியது. அந்த நான்கு இலக்கம் அவர் பிறந்த ஆண்டு. உலாவி முகவரியைத் தானே நிரப்பியதால்தான் அந்த வேகம். முடக்கிய கணக்குக்கு எங்கள் அமைப்பு அனுப்பியது ஒரே வரி: விதிமீறல் காரணமாக முடக்கப்பட்டது. எந்த விதி என்று கேட்டு மூன்று மடல் எழுதியிருக்கிறார். மூன்றும் யாரும் பார்க்காத பெட்டியில் விழுந்திருக்கின்றன. புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள் கடந்த பிறகுதான் நான் அவற்றைப் பார்த்தேன். அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், ஃப்ரெண்டோட லேப்டாப்ல காட்டிட்டேன்" என்றார்.

அதன் பிறகு தானாக முடக்குவதை நிறுத்திவிட்டோம். சந்தேகம் வந்தால் திரை விழும், கோப்புகள் அப்படியே இருக்கும். வரும் செய்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் காரணத்தைச் சொல்லும். கீழே ஒரு மொபைல் எண் இருக்கும். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை அந்த எண்ணை எங்களில் ஒருவர் எடுக்கிறோம். பொய்ப் பதிவு செய்தவர்கள் யாரும் இதுவரை அந்த எண்ணுக்கு அழைத்ததில்லை.

மார்ச் 21, மாலை 4.25

அந்த எக்ஸிம் விதியை வேண்டுமானால் இங்கேயே இடுகிறேன். முதலில் உங்கள் சர்வரில் சோதனைக் கணக்குகளின் ஐபி தனியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வேலையை முதலில் முடித்துவிடலாம்.